வாசலைவிடப் பெரிய மாடு

மாட்டைப் பார்த்ததும் "எவ்வளவு பெரிசு" என்று வாயைப் பிளப்பவர்களை எனக்குப் பிடிக்காது. என் உத்தியோகக் காலம் முழுவதும் இவர்களோடுதான் மல்லுக்கட்டினேன். பெரிய மாடு வேண்டும், பெரிய காளை வேண்டும், பெரிய கன்று வேண்டும். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. பெரிசு, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளை எழுத வைத்தவர்கள் எங்கள் கால்நடை இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர். ஒருவன் பெயர் கிரண், இன்னொருவன் ஜான்சன். போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். கிரணின் செல்போனில் ஒரு பட்டியல் இருந்தது. மரபணுவைப் படித்து ஒவ்வொரு காளைக்கும் மார்க் போட்டிருக்கிறார்களாம். பாலுக்கு மார்க், மடிக்கு மார்க், உயரத்துக்கு மார்க். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் காளையை செலக்ட் பண்ணீங்க?" என்று கிரண் கேட்டான். உங்கள் காலமாம். வெள்ளைக்காரன் தங்கச் சுரங்கத்துக்கு ஷாஃப்ட் தோண்டிய காலத்தில் நான் ஊசி போட்டுக்கொண்டிருந்த மாதிரி. சமீபத்தில்தானய்யா ஓய்வு பெற்றேன்.

போனை வாங்கிப் பார்த்தேன். உயரத்துக்கு அதிக மார்க் வாங்கிய காளைகளாகப் பொறுக்கி நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தான். திரையை விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினால், கன்று சிரமமில்லாமல் வெளியே வருமா என்பதற்கும் அதே பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறது. அவன் அதுவரை போகவில்லை. எவனும் போவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து, நுரையீரலில் கல் தூசியோடு போய்ச் சேர்ந்தார். எனக்குக் கால்நடை உதவியாளர் வேலை கிடைத்தது. பயிற்சியில் முதலில் கசாப்புக் கடையிலிருந்து வந்த கருப்பையை மேசைமேல் வைத்துப் பழகினோம். பிறகு உயிருள்ள மாடு. தோள்வரை கையுறை போட்டு, மாட்டின் ஆசனவாய்க்குள் கையை விட்டு, அடியில் இருக்கும் கருப்பையின் கழுத்தை அந்தச் சதைக்கு மேலிருந்தே பிடிக்க வேண்டும். மாடு முக்கினால் கை மரத்துவிடும். பொம்பளைக்குக் கை சின்னது, மாட்டுக்கு சௌகரியம் என்று வாத்தியார் சொன்னபோது கூட இருந்த ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் ஓர் உதை வாங்கியதும் ஆபீஸ் நாற்காலி தேடிப் போய்விட்டார்கள். பயிற்சியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கவயலுக்கே போஸ்டிங் கிடைத்தது. சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓட, அப்பன்மார் வீட்டில் உட்கார்ந்து மாடு வளர்க்க ஆரம்பித்திருந்த நேரம். எனக்கு ஊசி அக்கா என்று பெயர் வைத்தார்கள். காளையிடமிருந்து எடுத்து உறைய வைத்த விந்தைப் பசுவுக்குள் செலுத்துவதுதான் அந்த ஊசி. மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்ல இந்த ஆண்களுக்கு வெட்கம். "அதுக்கு இன்னாமோ ஒடம்பு சரியில்ல தங்கச்சி" என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார்கள். நான் வேண்டுமென்றே, "இன்னா, காளை கேக்குதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பேன். அதோடு அந்த வெட்கம் தீரும்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் பசவராஜ். பெல்லாரிப் பக்கத்துக்காரர். அவர் பேசிய தமிழ் பாதி கன்னடம். குரலை உயர்த்தவே மாட்டார். கேள்வியை இரண்டு முறை கேட்பார். முதல் முறை நாம் சொல்லும் பதில் பொய் என்பது அவருடைய தீர்மானம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் தையல்காரர் டேப் வைத்திருப்பார். மாட்டைப் பார்த்ததும் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, திமில் பக்கம் தரையிலிருந்து ஒரு அளவு, இடுப்பு எலும்பில் குறுக்கே ஒரு அளவு. அதன் பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வார்.

ஊசி போடும் முறையில் அவர் ஒரு பிசிறு பொறுக்கமாட்டார். நைட்ரஜன் கலத்திலிருந்து விந்து அடைத்த குழலை எடுத்தால் கை நடுங்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம். பிறகு துணியால் ஒட்டத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் உயிரெல்லாம் சாகும். வெயிலில் நிற்காதே, மாட்டை அதட்டாதே, மருந்தைத் தள்ளும்போது அவசரப்படாதே. "மெதுவா ரீ. அதுக்கு ட்ரெயின் பிடிக்க வேண்டாம்" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் சினை பிடித்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

காளைகளின் படம் போட்ட போஸ்டர் ஒன்று ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும். மாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் காளை கேட்பார்கள், ஜவுளிக் கடையில் பொம்மை மேல் இருக்கும் சேலையைக் கேட்கிற மாதிரி. ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் போஸ்டரைக் காட்டி, காளையைப் பார்க்காதே, கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளைப் பார் என்றார். பார்த்தேன். எல்லாக் காளைக்கும் பக்கத்தில் குள்ளமான ஆள். படம் எடுக்கிறவன் ஊரெல்லாம் தேடிக் குள்ளனாகக் கூட்டிவந்திருக்கிறான். நம் ஆட்கள் அதில் மயங்கி, "அந்தக் காளையே போடு தங்கச்சி" என்கிறார்கள்.

உடம்பின் அளவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். உயரத்துக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் துளித் துளியாக மேலேயோ கீழேயோ தள்ளும். தகப்பனிடம் பாதி, தாயிடம் பாதி. எந்தப் பாதி வரும் என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் ஒரே அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்த இரண்டு கிடேரிகளில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று கட்டையாகவும் நிற்கிறது. கன்று வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். எல்லா நேரமும் அடக்காது. அடக்காத நேரத்தில் சின்னத் தாய், பெரிய கன்று, நடுவில் ஒரே அளவிலான எலும்பு வாசல். அதோடு, பெரிய உடம்பைத் தூக்கி நிறுத்தவே தீனியில் பாதி போய்விடும், மிச்சம்தான் பால். இதையெல்லாம் அவர் மீட்டிங்கில் சொன்னால் மாட்டுக்காரர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், "அது இருக்கட்டும், இருக்கறதுலயே பெரிய காளை எது?" என்பார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் தலைவர், தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் இருந்த மரியதாஸ் அண்ணன். சுரங்கத்தில் டிம்பர்மேன். அதாவது பாறை சரியாமல் மரத்தில் முட்டு கொடுத்து நிறுத்துகிறவர். சுரங்கம் மூடியதும் மனைவி வீட்டு வழியில் வந்த ஒரு கறுப்பு நாட்டு மாட்டை வைத்துப் பிழைப்பை ஆரம்பித்தார். என் இடுப்புயரம்தான் இருக்கும். பெயர் கறுப்பி. அதற்கு ஹோல்ஸ்டீன் என்ற பெரிய சீமை இனத்தின் ஊசி போட்டதில் பிறந்தது ராணி. ராணிக்கு மறுபடியும் ஹோல்ஸ்டீன். பிறந்தது மகாராணி. உடம்பு வளர வளரப் பெயரும் வளர்ந்தது. மகாராணியின் வயிற்றில் பிறப்பதற்கு என்ன பெயர் வைப்பார் என்று நான் கேட்டபோது சக்ரவர்த்தி என்றார். தமாஷாகச் சொல்லவில்லை.

கொட்டகை எங்கே இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லைன் வீடுகளில் மாட்டுக்கு ஏது இடம்? மரியதாஸ் வீட்டுக்கும் பக்கத்து கோவிந்தம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதற்குமேல் தகரம் போட்டு, தெருப்பக்கம் ஓர் இரும்புக் கதவு மாட்டினார். சுரங்கத்தின் பழைய இரும்பு. ஒரு ஆள் நுழைகிற அகலம். கறுப்பிக்கு அது ராஜவாசல். ராணி இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போய்வந்தாள். மகாராணி உள்ளேயே பிறந்தாள், உள்ளேயே தின்றாள். பெங்களூரிலிருந்து வரும் பீர் சக்கையைப் போட்டுப் போட்டு அவளைப் பாலூற்றி வளர்த்த பிள்ளை மாதிரி கொழுக்க வைத்தார். சந்தின் கோடியில் தொட்டி; அதைப் பார்த்துத்தான் நிற்பாள். திரும்ப இடமில்லை.

ஒருநாள் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டேன். "அண்ணா, இத்த வெளிய இட்டுக்கினு வந்து எவ்ளோ நாளாச்சு?"

"வெளிய இன்னாத்துக்கு வரணும்? எல்லாம் உள்ளயே கீது."

"வரணும்னா வர முடியுமா?"

அவர் மாட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஊசி போடற வேலையப் பாரு தங்கச்சி" என்றார். நாற்பது வருஷம் பாறையின் அகலத்தையும் மரத்தின் நீளத்தையும் கண்ணாலேயே அளந்த மனிதர். சொந்த மாட்டை அளக்கத் தோன்றவில்லை.

அளந்தவள் கோவிந்தம்மா. அவள் கணவரும் சுரங்கத்துக்காரர்தான், முன்பே போய்விட்டார். மகன் பெங்களூருக்குப் போய்வருகிறவன். கொட்டகையின் இடது சுவர்தான் அவள் சமையலறைச் சுவர். மாட்டு மூத்திரம் சுவரில் ஊறி அந்தப் பக்கம் உப்பாகப் பூக்கும், சுண்ணாம்பு உரியும். கறுப்பி இருந்தபோது ஈரம் அவள் கணுக்கால் உயரம். ராணி காலத்தில் முழங்கால். மகாராணி வந்ததும் அடுப்பு மேடையைத் தொட்டுவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். "ஊசிக்காரம்மா, அடுத்த தபா சின்னதா எதனா போடும்மா. இதுக்கு மேல ஏறினா என் சாமி படம் நனையும்." டாக்டரின் டேப்பைவிட அந்தச் சுவர் துல்லியம். மரியதாஸிடம் அவள் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. திட்டுவதாக இருந்தால் சுவரைப் பார்த்துத் திட்டுவாள். அந்தப் பக்கம் கேட்கும்.

மகாராணி முதல் முறை பருவத்துக்கு வந்தபோது டாக்டரும் என்னோடு வந்தார். நெஞ்சை அளந்தார், இடுப்பெலும்பை அளந்தார், உள்ளே கைவிட்டு எலும்பு வாசலைச் சாண் போட்டுப் பார்த்தார். வெளியே பெருத்த மாடு, உள்ளே கொழுப்பு அடைத்த குறுகலான வழி. முதல் ஈற்றுக்கு ஜெர்சிதான், கன்று சின்னதாக வரும் என்றார். மரியதாஸுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெர்சி போட்டால் எலிக்குஞ்சு மாதிரிக் கன்று வரும், நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். டாக்டர் இரண்டாம் முறை அதே பேச்சை அதே குரலில் சொன்னார். சரி, அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று எங்களை அனுப்பிவைத்தார் மரியதாஸ்.

அடுத்த பருவத்தில் எங்களைக் கூப்பிடவில்லை. பைக்கில் கலத்தைக் கட்டிக்கொண்டு திரியும் தனியார் ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, அவனிடம் இருந்ததிலேயே பெரிய காளையின் ஊசியைப் போட்டுக்கொண்டார். எனக்கு அது தெரிந்தபோது மகாராணிக்கு வயிறு இறங்கியிருந்தது. போய்க் கத்தினேன். அவர் சிரித்தார். "பாரு தங்கச்சி, எப்டி கீதுன்னு. பீப்பா கணக்கா." பீப்பாய்தான். அது எப்படி வெளியே உருளும் என்றுதான் நான் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசை நடக்கிற நேரத்தில் போன் வந்தது. டாக்டரும் நானும் போனபோது தண்ணீர்க்குடம் உடைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. இரண்டு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. குளம்பின் பருமனைப் பார்த்ததுமே டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். முழங்கை தாண்டிச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு முறை, திரும்ப ஒரு முறை. கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினார். தலை நேராகத்தான் இருந்தது. நெற்றிதான் எலும்பில் முட்டி நின்றது. கன்றின் வாயில் விரலை வைத்தார், அது சப்பியது. உயிர் இருந்தது.

கால்களில் கயிறு மாட்டி மரியதாஸையும் என்னையும் இழுக்கச் சொன்னார். மாடு முக்கும்போது மட்டும், தரையை நோக்கி இழுக்க வேண்டும். வரவில்லை. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு கூட்டமாக வந்துவிட்டார்கள் மரியதாஸின் பழைய ஷிஃப்ட் ஆட்கள். எல்லோரும் சேர்ந்து கயிற்றைப் பிடிக்க வந்தார்கள். டாக்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரண்டு பேருக்கு மேல் இழுத்தால் அதற்குப் பெயர் பிரசவம் இல்லை என்றார். வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இங்கேதான் எல்லாம் வந்து நின்றது. மாட்டுக்கு இடது விலாவில் அறுப்பதுதான் பத்திரம். அந்தப் பக்கம் பெரிய இரைப்பை திரை மாதிரி நின்று குடலை உள்ளேயே தடுத்து வைக்கும். வலப்பக்கம் திறந்தால் குடல் வெளியே சரியும், அப்புறம் அள்ளி உள்ளே போட ஆள் தேட வேண்டும். மகாராணியின் இடது விலா கோவிந்தம்மாவின் சுவரோடு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு கை நுழையும், ஆள் நுழைய முடியாது. மாட்டைத் திருப்ப முடியாது. படுக்கவைக்க இடமில்லை. கதவுச் சட்டத்தைப் பெயர்க்கலாம் என்றால் இரண்டு வீட்டு விட்டமும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு வெளியே ஆழமான சாக்கடை, வலியில் இருக்கும் மாடு பின்பக்கமாக நடந்தால் கால் ஒடிந்து விழும். தொட்டியைச் சந்தின் அந்தக் கோடியில் வைக்காமல் இந்தக் கோடியில் வைத்திருந்தால், மாடு இந்தப் பக்கம் பார்த்து நின்றிருக்கும், இடது விலா மரியதாஸின் சொந்தப் படுக்கையறைச் சுவருக்கு வந்திருக்கும். தொட்டியை அங்கே வைத்த புண்ணியவானும் அவர்தான்.

டாக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டார். பிறகு இன்னொரு முறையும் கேட்டார்.

நான்தான் போனேன். கோவிந்தம்மா குழம்புக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது, அதனால் விளக்க வேண்டிய வேலை இல்லை. கரண்டியைக் கீழே வைக்காமல் பேசினாள். அவள் பயம் மாட்டு மூத்திரத்தைப் பற்றியது அல்ல. சுரங்கக் கம்பெனியின் லைன் வீடு இன்னும் குடியிருப்பவர்கள் யார் பேருக்கும் ஆகவில்லை. சுவரில் கை வைத்தவர்களுக்கு வீடு கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, ஒரு ஆணி அடிக்கக்கூட ஜனங்கள் யோசித்த காலம் அது. "எனக்குன்னு கீறது இந்த நாலு செவுரு. அதுல ஒண்ண மாட்டுக்கு இடிச்சுட்டு நாளைக்கு நான் எங்க போறது?" என்றாள். கன்று உயிரோடு இருக்கிறது, விரலைச் சப்புகிறது என்று மட்டும் சொன்னேன்.

மரியதாஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் ரத்தமும் வழுவழுப்பும். பல வருஷத்துக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துப் பேசினார்.

"கோயிந்தம்மா, உன் கூரை ஒரு துளி அசையாது. அதுக்கு நான் பொறுப்பு."

"மாட்டுக்கும் நீதான பொறுப்பு? அத்த இன்னா பண்ணி வச்சிக்கிற?"

மாடு அந்தப் பக்கம் ஒரு முறை முனகியது. சுவரைத் தாண்டி அது இந்தச் சமையலறையிலேயே முனகின மாதிரி கேட்டது. கோவிந்தம்மா அடுப்பை அணைத்தாள்.

"இடிச்சிக்கோ. ஆனா ஒண்ணு. என் சமையக்கட்டுக்குள்ள வந்து வுழறது எனக்கு."

கன்றைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சக்ரவர்த்தியோ சக்ரவர்த்தினியோ, கறுப்பியிலிருந்து கனவு கண்டு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுக் கடப்பாரையைத் தேடிப் போனார்.

அடுத்து நடந்ததை நான் மெச்சித்தான் ஆக வேண்டும். வெள்ளைச் சட்டைகளைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அந்தக் கிழவர்கள் வேலையில் இறங்கினார்கள். மரியதாஸ் ஒரு வார்த்தை சொல்வார், நாலு பேர் நகர்வார்கள். யாரோ வீட்டுக் கட்டில் கால், யாரோ வைத்திருந்த பழைய சுரங்க மரம், எல்லாம் வந்தது. முதலில் முட்டு, பிறகுதான் கல். இரண்டு பக்கமும் மரத்தை நிறுத்தி, மேலே குறுக்கு மரம் போட்டு, ஆப்பை அடித்து இறுக்கினார்கள். சுத்தியல் சத்தம் இல்லாமல் மேலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கி, பிள்ளையை இறக்குகிற மாதிரி கீழே இறக்கினார்கள். மாடு மிரளவில்லை. "ஷிஃப்ட் முடியறதுக்குள்ள லெவல் திறந்துடுவோம் சார்" என்று, சுரங்கத்துக்குள் புதுப் பாதை வெட்டுகிறவர் மாதிரி, ஒருவர் டாக்டரிடம் சொன்னார். மூடிய சுரங்கத்தை இவர்களால் திறக்க முடியவில்லை. கோவிந்தம்மாவின் சமையலறையைத் திறந்துவிட்டார்கள்.

ஓட்டையில் மகாராணியின் இடது விலா மட்டும் படம் மாட்டிய மாதிரி தெரிந்தது. டாக்டர் கோவிந்தம்மாவின் சமையலறையில் நின்றார். ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தச் சொன்னார். அவள் அடுப்பிலேயே தண்ணீர் கொதித்தது. நான் மயிரைச் சிரைத்து, சோப்புப் போட்டு, மருந்து தடவினேன். மரப்பு ஊசியை மேலிருந்து கீழாக வரிசையாகப் போட்டார். காத்திருந்தார். ஊசி முனையால் குத்திப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. பிறகு தோல், சதை, உள்சவ்வு. இரைப்பையை ஒரு முழங்கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளே தோள்வரை போய், கருப்பையைக் கன்றின் பின்னங்காலோடு சேர்த்து அறுத்த இடத்துக்கு இழுத்து வந்தார். அதைத் திறந்து காலை எனக்குக் கொடுத்தார். நானும் மரியதாஸும் மேல்நோக்கித் தூக்கினோம். கன்று வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலை. மொத்தமும் கோவிந்தம்மாவின் அரிசி டப்பாவின் மேல் விழுந்தது.

மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, காதில் ஊதினேன். தும்மியது. டாக்டர் அங்கே பார்க்கவே இல்லை, தையலை ஆரம்பித்திருந்தார். கோவிந்தம்மா குனிந்து கன்றின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஆம்பளையா கீது."

வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தெருவுக்குப் போய்ச் சிரித்தார்கள். மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. மாட்டின் தலைப்பக்கம் போய் அதன் கொம்படியைத் தடவிக்கொண்டே வெகு நேரம் நின்றார். டாக்டர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். ஒரு முறை, திரும்ப ஒரு முறை. அதன் பிறகு சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கன்றை அளக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தெருப்பக்கம் போய் இரும்புக் கதவின் அகலத்தை அளந்து, மரியதாஸின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் யாரையாவது திட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மகாராணி பிழைத்தாள். ஆனால் அவளை இனி உள்ளேயே கட்டிப்போட்டு வைத்தால் அடுத்த சினைக்குத் தான் வரமாட்டேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. ஓட்டையைத் தரைவரை இறக்கி, முட்டு மரத்தையே நிலையாக்கி, அதை வாசலாக்கினார் மரியதாஸ். கோவிந்தம்மா வீட்டு முன்கதவு இரட்டைக் கதவு, அகலம் உண்டு. தினமும் காலையில் மகாராணி கோவிந்தம்மாவின் சமையலறைக்குள் தலையை நுழைத்து, அடுப்பை ஒரு பார்வை பார்த்து, முன்னறை வழியாகத் தெருவுக்கு இறங்குவாள். அதற்குச் சுங்கம் ஒரு சொம்புப் பால். தரையைக் கழுவிவிடுவது மரியதாஸின் மனைவி. கொட்டகைத் தரையைச் சரித்து மூத்திரத்தைச் சாக்கடைக்குத் திருப்பினார்கள். மூன்று தலைமுறை மாட்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்தக் காளைக் கன்று நிலை மரத்தில் முதுகு உரசுகிற வரை கோவிந்தம்மாவிடம் வளர்ந்தது. உரசிய அன்றே ஆள் தேடச் சொன்னாள். உழவுக்கு யாரும் கேட்கவில்லை. திமில் இல்லாத கழுத்தில் நுகத்தடி எங்கே நிற்கும்? கடைசியில் பெத்தமங்கலா பக்கத்திலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் போனார். ஊர்ப் பசுக்களுக்குக் காளையாக விடுவதற்காம். ஏன் என்று கேட்டேன். பெரிசாக இருக்கிறதாம். டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீடுகளைப் பார்வையிட ஒருநாள் அதிகாரி வந்தார். கோவிந்தம்மா வெளிறிப்போய் நிற்கிறாள் என்று சொல்லி, என்னை ஓடி வரச் சொன்னார்கள். நான் போன நேரத்தில் அவர் அந்த நிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மகாராணி அப்போதுதான் அதன் வழியாக வந்துகொண்டிருந்தாள். அவர் ஒதுங்கி வழி விட்டார். பிறகு சுவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "மாடு நல்லா பெரிசா இருக்கே, இது எந்தக் காளைம்மா?" என்று கேட்டார். அவர் மைத்துனர் மாடு வைத்திருக்கிறாராம். சுவரைப் பற்றி இன்றுவரை ஒரு பேச்சும் இல்லை. கோவிந்தம்மா அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

கிரணையும் ஜான்சனையும் போன மாதம் அங்கேதான் கூட்டிப்போனேன். நடந்ததையெல்லாம் அந்தச் சமையலறையிலேயே நிற்க வைத்துச் சொன்னேன். இப்போது இருப்பது மகாராணியின் மகள், ஜெர்சிக்குப் பிறந்தவள், நிலையில் இடிக்காமல் போய்வருகிறாள். ஜான்சன் போனை வாங்கி, திரையைத் தள்ளித் தள்ளி, கன்று சிரமமில்லாமல் வருமா என்ற அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கோவிந்தம்மா எங்கள் மூவருக்கும் டீ கொடுத்தாள்.

கிரண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிலை மரத்தை மேலும் கீழும் பார்த்தான். ஒரு கையை விரித்து அகலத்தைப் பார்த்தான். அவன் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்த அந்த உயரக் காளையை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆண்ட்டி, இந்தச் செவுத்த இன்னும் ஒரு அடி இடிச்சா..."

கோவிந்தம்மா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.